வேலூரில் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள யார் தகுந்தவர்: தரகரா, நிறுவனமா, மோட்டார் தெரிந்தவரா?

வீடு வேலூரிலும் பிழைப்பு வெளியூரிலும் என்றாகிவிட்ட குடும்பங்கள் இன்று ஏராளம். சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டை நான்கு போர்ஷன்களாக வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, அதை யார் பொறுப்பில் விடுவது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் கிடைத்தன. ஒருவர் உள்ளூர்த் தரகர். இன்னொன்று வாடகை வீடுகளைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். மூன்றாமவர் குடிநீர்ப் பம்பு இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்று, அடுத்த தெருவில் வசிக்கும் பெரியவர். நாங்கள் பெரியவரைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அவர் பக்கம் சாயத்தான் செய்யும்.

தரகரின் திறமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருவோர், வி.ஐ.டி. மாணவர்கள், மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள் என்று இந்த ஊரில் வீடு தேடுவோருக்குக் குறைவில்லை. அவர்களில் யாருக்கு எந்த வீடு பொருந்தும் என்பது தரகருக்கு அத்துப்படி. மருத்துவமனையைச் சுற்றித் தொழில் செய்பவர்கள் பலர் இந்தியிலும் வங்காளத்திலும் பேரம் முடிக்கிறார்கள். ஆனால் அவருடைய வருமானம் குடியிருப்பவர் மாறும்போதுதான் வருகிறது. ஒருவர் ஐந்தாண்டு நிம்மதியாகக் குடியிருப்பதால் நமக்கு லாபமே தவிர, அவருக்கு ஒன்றுமில்லை.

நிறுவனத்தின் பலம் கணக்கும் காகிதமும். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும்; வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; உரிமையாளரே ஆனாலும் 24 மணி நேரம் முன்கூட்டித் தெரிவிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் பழுதான குழாய்களை மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவதும் சுவிட்சு பழுதுபார்ப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு என்று பட்டியல்கூட அச்சட்டத்தில் இருக்கிறது. நிறுவனத்தார் இதையெல்லாம் பிசகாமல் செய்வார்கள். மாதந்தோறும் வரவுசெலவு அறிக்கையும் அனுப்புவார்கள். சிக்கல் எங்கே என்றால், குடியிருப்பவரின் புகார் முதலில் வேறு ஊரில் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போய், பதிவாகி, அங்கிருந்து சத்துவாச்சாரிக்குத் திரும்பி வர வேண்டும். சுவரில் விரிசல் என்றால் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் பொறுக்க முடியாது.

என் தீர்மானத்தை முடிவு செய்தது தண்ணீர்தான். பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணலாகக் கிடக்கும் ஊர் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு குடிப்பதற்கும் சமையலுக்கும் கவலை குறைந்தது உண்மைதான். ஆனால் குளிக்கவும் துவைக்கவும் கழிவறைக்கும் எங்களைப் போன்ற வீடுகள் போர் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. சித்திரை, வைகாசியில் நிலத்தடி நீர் இறங்கியதும் நீர்மூழ்கி மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கும். விவரம் தெரியாதவர் மோட்டார் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்தி, கடைசியில் வைண்டிங்கை, அதாவது மோட்டாருக்குள் சுற்றியுள்ள கம்பிச் சுருளைக் கருக்கிவிடுவார். பிறகு ஆட்களை வரவழைத்துக் குழாயோடு மோட்டாரை மேலே தூக்க வேண்டும், கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதுவரை நான்கு குடும்பங்களுக்கும் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். விவரம் தெரிந்தவரோ, மோட்டார் எத்தனை நிமிடத்தில் காற்று வாங்குகிறது என்று பார்த்து, விட்டுவிட்டு ஓட்டுவார். இடமிருந்தால் கோடைக்கு முன்பே கூடுதல் குழாய் சேர்த்து மோட்டாரை இறக்கிவைக்கச் சொல்வார்.

இதைவிடப் பெரிய திறமை, பழுது எது என்று கண்டறிவது. மோட்டார் ஓடவில்லை என்றதும் வருகிற மெக்கானிக் எல்லோரும் நேர்மையானவர்கள் என்று சொல்ல முடியாது. மோட்டாரை இயக்கும் மின்பெட்டியான பேனலில் உள்ள கன்டென்சர் என்ற சிறு பாகம் போயிருந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடியும். அதையே வைண்டிங் போய்விட்டது என்று சொன்னால் செலவு பல ஆயிரமாகும். சென்னையில் இருக்கும் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. நிறுவனம் அனுப்புகிற ரசீதும் அதைச் சொல்லாது. பெரியவர் பேனலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆளையே கூப்பிடுகிறார். உப்புத் தண்ணீர் படிந்து கேட் வால்வு இறுகிப்போவது, கீசர் காயில் வெண்மையாகப் பூத்துப்போவது போன்றவற்றையும் மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்க்கிறார்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எங்கள் தெருவில் குடித்தனக்காரர்கள் காலி செய்வதற்கு வாடகை உயர்வைவிடத் தண்ணீர்த் தகராறுதான் அதிகம் காரணமாக இருக்கிறது. எட்டாயிரம் ரூபாய் வாடகை வரும் போர்ஷன் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் பதினாறாயிரம் போய்விடும், புதியவரைக் கொண்டுவரத் தரகுக் கூலி வேறு. மாடியில் இருப்பவருக்குக் குழாயில் நூலாக வருகிறது, கீழே இருப்பவர் வண்டி கழுவுகிறார் என்ற சண்டையைச் சமாதானத்தால் மட்டும் தீர்க்க முடியாது. எந்த வால்வை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாடகைப் பாக்கி வைத்தவருக்குக்கூடத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை என்பதைப் பெரியவருக்கு ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அதற்கு அவர், தண்ணீர் விடுவதே தம் வேலை, நிறுத்துவது அல்ல என்றார்.

பெரியவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. கணக்கு ஒரு பழைய டைரியில் இருக்கிறது. வாடகை தாமதமானால் கண்டிப்பாகக் கேட்க அவருக்கு வாய் வராது. இந்தி அறவே தெரியாது. அதனால் வாடகை நேரே எங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது, ஒப்பந்தத்தை நாங்களே எழுதுகிறோம், வீடு காலியானால் மட்டும் தரகரை அணுகுகிறோம். பெரியவருக்கு மாதச் சம்பளம் தனி, பழுதுச் செலவு தனி. ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப அவருடைய பேத்தி கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

குடியிருப்பவரை வெளியேற்றும் வழக்கு எதையும் நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை; அப்படி ஒன்று வந்தால் நிறுவனத்தின் காகித ஒழுங்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது. அதுபோலவே, காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ விடுபவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். அங்கே ஆள் மாறிக்கொண்டே இருப்பார். வங்கதேசத்திலிருந்து வருபவர் தங்கினால் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியே அரசுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அந்த வேலைக்கு மொழியும் கணினியும் தெரிந்த தரகரோ நிறுவனமோதான் தேவைப்படும். மோட்டாருக்கு எங்கள் பெரியவரைப் போன்ற ஒருவரைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம்.