கொன்ஃப்ளூயன்ஸ்: ஒரு சைட்டில் படித்தது அடுத்த சைட்டுக்குப் போய்ச் சேருமா?

கொழும்பில் கட்டட வேலை செய்யும் ஒரு கொம்பனியில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக அட்லாசியன் கொம்பனியின் கொன்ஃப்ளூயன்ஸைப் பாவிக்கிறோம்; குழுவாகச் சேர்ந்து பக்கங்களை எழுதி வைத்து, பிறகு தேடிப் படிக்கிற ஒரு மென்பொருள் அது. ஏன் வாங்கினோம் என்பதை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும்.

ராஜகிரியப் பக்கம் அத்திவாரம் தோண்டும்போது நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்தோம். கீழே சதுப்பு மண், தண்ணீர் வற்றினால் அது அமுங்கும், பக்கத்து வீட்டுச் சுவர் வெடித்துவிட்டது. வேலை தொடங்க முன் அயல் வீடுகளைப் படம் எடுத்து வைக்காததால் எது பழைய வெடிப்பு எது புதியது என்று காட்ட முடியாமல் நட்டஈடு கட்டினோம். அந்தக் குழு கலைந்தது, ஒருவர் டோஹா போனார். எட்டு மாதம் கழித்து கோட்டேயில் வேறொரு குழு, அதே மண், அதே மோட்டார், அதே வெடிப்பு. படித்ததெல்லாம் பழைய வட்ஸ்அப் குரூப்பில் கிடந்தது, புதுக் குழுவில் ஒருவர்கூட அதில் இல்லை.

கொன்ஃப்ளூயன்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது லேபிள், அதாவது பக்கத்தைத் தேடி எடுக்க அதில் ஒட்டி வைக்கிற சொல். ஒரு பக்கத்துக்கு எத்தனையும் போடலாம். நாங்கள் முதலில் திட்டத்தின் பெயரைப் போட்டோம், அது பிழை. புதிதாக வருகிறவருக்குப் பழைய திட்டத்தின் பெயர் எப்படித் தெரியும்? அவர் தேடுவது பிரச்சினையை. இப்போது சதுப்புமண், வெடிப்பு, நீரிறைப்பு என்று போடுகிறோம், உடனே கிடைக்கிறது. ஒரே பக்கத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் பதிவாகிறது. பத்துப் பேர் வரை இலவசம், ஆனால் இடம் 2 ஜிபிதான், சைட் படங்கள் நிறைய ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. முதல் மூன்று மாதம் எங்கள் பக்கங்கள் வெறுமையாகவே கிடந்தன. நாள் முழுக்க வெயிலில் நின்ற ஓவர்சியரிடம் போய்ப் படிவம் நிரப்பு என்றால் எப்படி நிரப்புவார்? அப்புறம் நானே ஒவ்வொரு சைட் முடியும்போதும் போய், பிளேன்டீயோடு இரண்டு மணித்தியாலம் இருந்து அவரைக் கதைக்க விட்டு டைப் பண்ணத் தொடங்கினேன். அமெரிக்க இராணுவம் பயிற்சிக்குப் பிறகு கேட்கிற அதே கேள்விகள்தான்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம்.

அப்படித்தான் ஓர் ஓவர்சியர் அண்ணன், இறைக்கிற தண்ணீரைப் போத்திலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பேன், அடியில் மண் தங்கினால் மோட்டாரை நிறுத்திவிடுவேன் என்றார். எந்த அறிக்கையிலும் அது இருந்ததில்லை. பக்கத்தில் அவருடைய பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துப் போட்டேன். போன மாதம் பத்தரமுல்ல சைட்டிலிருந்து ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு அவருக்கு எடுத்திருக்கிறார்: "அண்ணா, எவ்வளவு தங்கினால் நிறுத்தணும்?" அன்று பின்னேரமே அந்தப் பதிலும் பக்கத்தில் ஏறிவிட்டது, போத்திலின் படத்தோடு.