எதைக் கேட்டாலும் 200 சொன்ன சர்வர்

செயலியின் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் பின்னணி நிரலான சர்வரை எழுதும் வேலையை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் கொடுத்த பிறகுதான் விழித்தோம்.

நாங்கள் மூன்று பேர். பயிற்சி வகுப்புகளில் இடம் முன்பதிவு செய்யும் கைபேசிச் செயலி ஒன்றை நாங்களே எழுதினோம். சர்வர் பகுதியில் மட்டும் யாருக்கும் கை பழகவில்லை. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் மேல், சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் 4 ஃபிரேம்வொர்க்கில் எழுதித் தருகிறேன் என்றார் ஒருவர். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி இருந்தது ஒரே வரி: "முழுமையான ரெஸ்ட் ஏபிஐ, சோதனைகளுடன்." ஏபிஐ என்பது செயலி சர்வரோடு பேசும் வழி, ரெஸ்ட் அதை அமைக்கும் ஒரு பாணி. அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

ஒப்படைத்த நாளில் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. ஏபிஐயை விவரிக்கும் ஸ்வாகர் ஆவணத்தில் ஒவ்வொரு முகவரிக்கும் நேராக 400, 401, 404, 409 என்று எந்தப் பிழைக்கு எந்தக் குறியீடு வரும் என்பது வரிசையாக எழுதப்பட்டிருந்தது. (200 என்றால் எல்லாம் சரி, 400 தவறான கோரிக்கை, 401 அடையாளம் காட்டவில்லை, 404 கேட்டது இல்லை, 409 மோதல்.) நிரலைத் தானாகச் சரிபார்க்கும் சோதனைகள் 63. எங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டினார், 63-ம் பச்சை. அன்று மாலையே மிச்சப் பணம் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வாரம் ஒரு முன்பதிவு காணாமல் போனது. நிர்வாகப் பக்கத்தில் இருந்த "நீக்கு" இணைப்பை நகலெடுத்து எங்கள் குழு அரட்டையில் ஒட்டி, "இதை நீக்கிவிடலாமா?" என்று கேட்டிருந்தார் சக ஊழியர். "வேண்டாம், அவர் வருகிறார்" என்று நான் பதில் எழுதினேன். நான் எழுதி முடிப்பதற்குள் அது நீங்கிவிட்டிருந்தது. வகுப்புக்கு வந்து நின்றவருக்கு இடம் இல்லை. யார் அழுத்தினார்கள் என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டோம். யாரும் அழுத்தவில்லை. சர்வரின் பதிவேடான லாக்கைத் திறந்தால், அரட்டைச் செயலியின் முன்னோட்ட ரோபோ அந்த இணைப்புக்குப் போய் வந்தது பதிவாகியிருந்தது. இணைப்புக்குக் கீழே ஒரு சிறு படமும் தலைப்பும் காட்டுவதற்காக அது பக்கத்தை எடுத்துப் பார்க்கும். அவ்வளவுதான் அதன் வேலை. எங்கள் சர்வரோ, நீக்குவதற்கென்றே உள்ள டெலீட் முறையை வைக்காமல், எடுத்துப் பார்க்க மட்டும் உள்ள சாதாரண கெட் கோரிக்கையிலேயே நீக்கும்படி எழுதப்பட்டிருந்தது.

கெட் என்பது பாதுகாப்பான முறை, அதைக் கேட்டால் சர்வரில் எதுவும் மாறக் கூடாது என்று இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போய்வரும் முறையான எச்.டி.டி.பி.யின் விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. 9110 ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. இது புதுப் பாடமும் இல்லை. பக்கத்தில் உள்ள இணைப்புகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும் கூகுளின் வெப் ஆக்சிலரேட்டர் 2005-இல் வந்தபோது, இப்படி எழுதப்பட்ட தளங்களில் மக்களின் தரவு காணாமல் போய்ப் பெரிய கூச்சலே எழுந்தது.

சரி, ரோபோ உள்ளே எப்படி வந்தது? உள்நுழைந்தவர் என்று காட்டும் டோக்கன் அதனிடம் கிடையாதே. ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "அங்கீகாரம் இருக்கிறதே சார், கோப்பைத் திறந்து பாருங்கள்" என்றார். திறந்தேன். இருந்தது. டோக்கனைச் சோதிக்கும் மிடில்வேர் (கோரிக்கை போகும் வழியில் நின்று சரிபார்க்கும் நிரல் துண்டு) ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதைச் சேர்க்கும் வரி கோப்பின் கடைசியில், எந்த முகவரிக்கு என்ன பதில் என்று சொல்லும் எல்லா ரூட்டுகளுக்கும் கீழே கிடந்தது. எக்ஸ்பிரஸ் எழுதப்பட்ட வரிசையிலேயே மேலிருந்து கீழாகப் போகும். கோரிக்கைக்குப் பொருந்தும் ரூட் பதிலைக் கொடுத்துவிட்டால் அதற்குக் கீழே இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. வீட்டுக்குப் பூட்டு வாங்கிக் கொல்லைச் சுவரில் மாட்டி வைத்த கதை. முன்பதிவு எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் பெயரும் கைபேசி எண்ணும் வந்து விழுந்தன. அன்றிரவே வரியை மேலே நகர்த்தினேன். அதன் பிறகும், உள்நுழைந்த யாரும் யாருடைய பதிவையும் பார்க்க முடிந்தது. வந்திருப்பவர் யார் என்று கேட்க ஓர் இடம் இருந்தது. இந்தப் பதிவு அவருடையதா என்று கேட்க ஓர் இடமும் இல்லை. மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் 2019-இலும் 2023-இலும் முதல் இடத்தில் இருப்பது இதே ஓட்டைதான்.

அதற்குப் பிறகுதான் அந்த 63 பச்சைச் சோதனைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தேன். இல்லாத முன்பதிவைக் கேட்கும் ஒரு சோதனை, தவறான தேதியை அனுப்பும் ஒரு சோதனை, நிரம்பிய வகுப்பில் இடம் கேட்கும் ஒரு சோதனை. தலைப்புகளைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. உள்ளே ஒவ்வொன்றும் சரிபார்ப்பது ஒன்றைத்தான்: பதில் 200-ஆ? எப்போதும் 200-தான். ஏனென்றால் சர்வரின் கடைசியில் ஆறு வரியில் ஒரு பிழை ஹேண்ட்லர், அதாவது பிழைகளைக் கையாளும் துண்டு, இருந்தது. தன்னிடம் எந்தப் பிழை வந்து சேர்ந்தாலும் அதைப் பிடித்து, நிலைக் குறியீட்டை 200 என்று வைத்து, ஜேசன் வடிவில் போகும் பதிலின் உடலில் "வெற்றி: இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடும். ஆவணத்தில் பளபளத்த 404-ஐயும் 409-ஐயும் நிரலில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. எங்கள் கண்காணிப்புக் கருவி சர்வர் பக்கப் பிழைகளான 500-களை எண்ணும் கருவி. அது இரண்டு வாரமும் நிம்மதியாகத் தூங்கியது. கெட்ட வேலையைக்கூட மன்னித்துவிடலாம். ஆவணத்தையும் சோதனையையும் அதை மறைக்கும் திரையாக எழுதியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பிரஸ் 4-இல், ஒத்திசைவற்ற (தரவுத்தளம், மின்னஞ்சல் போன்றவற்றுக்குக் காத்திருந்து பிறகு தொடரும்) ஹேண்ட்லருக்குள் எழும் பிழை தானாகப் பிழை ஹேண்ட்லருக்குப் போகாது. எழுதுபவர்தான் பிடித்து அனுப்ப வேண்டும். 2024-இல் வந்த 5-ஆம் பதிப்பு இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. இவர் பல இடங்களில் பிடித்து அனுப்பவில்லை. பிடிபடாத பிழையால் நோட் செயல்முறை விழுந்துவிடாமல் இருக்க, அவற்றை விழுங்கும் வெற்றுச் செயற்கூறு ஒன்றை மட்டும் வைத்திருந்தார். விளைவு: முன்பதிவு தரவுத்தளத்தில் ஏறிவிடும், அடுத்ததாக மின்னஞ்சல் அனுப்புவது தோற்கும், பதிலே போகாது. கைபேசி 30 நொடி காத்திருந்து புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும் அதே போஸ்ட் கோரிக்கையை மறுபடி அனுப்பும். ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று இடங்கள். இருப்பதை மாற்றி வைக்கும் புட், நீக்கும் டெலீட் ஆகிய கோரிக்கைகளைத் திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது விதி. போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் கோரிக்கையோடு ஒரு தனி அடையாளச் சாவியை அனுப்பி, இரண்டாவது முறை வந்தால் பழைய பதிலையே கொடுப்பார்கள். அந்த யோசனையின் நிழல்கூட அங்கே இல்லை.

பேசப் போனேன். மனிதர் பதறவே இல்லை. "ரெஸ்ட் என்பதில் நிலைக் குறியீடு பற்றி ஒன்றும் இல்லை சார். நீங்கள் கேட்பது கூடுதல் அம்சம், தனிக் கட்டணம் ஆகும்." எரிச்சல் என்னவென்றால், அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ராய் ஃபீல்டிங் 2000-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் விவரித்த ரெஸ்ட் ஒரு கட்டமைப்புப் பாணி. எந்தப் பிழைக்கு எந்த எண் என்று அடுக்குவது எச்.டி.டி.பி. விதிகளின் வேலை. ஆகவே ஒப்பந்தத்தில் "ரெஸ்ட்" என்று மட்டும் எழுதினால் எதையும் எழுதாததற்குச் சமம். ஆர்.எஃப்.சி. 9110-இன்படி முறைகளும் குறியீடுகளும் நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் தோல்வி நேரும்போது வர வேண்டிய பதிலையும் எழுதுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் அவர் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்களே, கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியைக் கொண்டு தட்டிப் பாருங்கள். டோக்கன் இல்லாமல் கேளுங்கள், 401 வர வேண்டும். இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு ஒன்றின் டோக்கனில் மற்றதன் பதிவைக் கேளுங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 வரலாம், தரவு வரக் கூடாது. அடைப்புக்குறி மூடாத ஜேசனை அனுப்பினால் 400. புதிதாக ஒன்றை உருவாக்கினால் 'உருவானது' என்னும் 201-ம், அதன் முகவரியைச் சொல்லும் லொகேஷன் தலைப்பும். பெயரும் தேதியும் அனுப்ப வேண்டிய இடத்தில் "பங்கு: நிர்வாகி" என்று ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள், வந்த உடலை அப்படியே தரவுத்தளத்தில் கொட்டும் சர்வராக இருந்தால் நீங்கள் நிர்வாகி ஆகிவிடுவீர்கள். எங்களிடம் நான் ஆனேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைக் கோப்புகளில் நாலைந்தைத் திறந்து படியுங்கள். எல்லாம் 200-ஐயே எதிர்பார்த்தால் பணப்பையை மூடிவிடுங்கள்.

அவரிடமிருந்து பணம் திரும்பவில்லை. ஆறு வாரத்தில் நாங்களே 5-ஆம் பதிப்புக்கு மாற்றி எழுதினோம். ஆனால் பழைய சர்வரை நிறுத்த முடியவில்லை. ஏற்கெனவே மக்களின் கைபேசிகளில் இருக்கும் செயலி, 200-ஐயும் அந்த "வெற்றி: இல்லை"யையும் எதிர்பார்த்தே எழுதப்பட்டது, 404 போனால் திகைத்து நின்றுவிடுகிறது. புதியதைத் தனி முகவரியில் வைத்து, பழையதன் ஓட்டைகளை மட்டும் அடைத்து ஓடவிட்டிருக்கிறோம். இன்று காலை லாக்கில் பார்த்தேன்: நிரம்பிய வகுப்பில் யாரோ இடம் கேட்டிருக்கிறார், பழைய சர்வர் 200 என்று சொல்லியிருக்கிறது.