மலையேறி வந்த சுண்டெலிகள்: ஒரு மரபணுத் திருத்தச் சேவையின் மதிப்புரை

உதகையில் உள்ள எங்கள் மருந்தியல் ஆய்வகத்துக்காக, மரபணு திருத்திய சுண்டெலிகளை உருவாக்கித் தரும் ஒரு தனியார் நிறுவனத்தின் சேவையைச் சென்ற ஆண்டு பயன்படுத்தினோம். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டிகள் உருவாவதை அடக்கும் பி53 மரபணுவை இழந்த எலிகள் 1992 முதலே ஆய்வகங்களில் உள்ளன. எங்களுக்குத் தேவைப்பட்டதோ, அதனுடன் கட்டியை அடக்கும் இன்னொரு மரபணுவும் செயலிழந்த வகை. எவ்வகை உயிரணுவாகவும் மாறக்கூடிய கருவின் குருத்தணுக்களில் மரபணுவை மாற்றும் பழைய முறையில் இரண்டு வகைகளைத் தனித்தனியே உருவாக்கிக் கலப்பு செய்யும் வழக்கம் இருந்தது. டிஎன்ஏவை வெட்டும் கேஸ்9 நொதியையும், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏக்களையும் கருவுற்ற முட்டைக்குள் செலுத்தி ஒரே தலைமுறையில் பல மரபணுக்களைத் திருத்தலாம் என்பது 2013-இல் காட்டப்பட்டது.

அனுப்பிய விதத்தில் குறை இல்லை. கோவையிலிருந்து குன்னூர் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த எட்டு எலிகளும் உயிருடன், நீருக்கு வைத்த ஜெல்லைக் கொறித்தபடியே வந்து சேர்ந்தன.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. வால் நுனியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, வேண்டிய பகுதியைப் பிசிஆர் முறையில் பெருக்கி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது, ஒரே எலியில் மூன்று பட்டைகள் தெரிந்தன. ஓர் உயிரணுவில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகளே உண்டு என்பதால் இரண்டுக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கைப்பிழையோ என்று திரும்பச் செய்தோம். அதே மூன்று பட்டைகள். டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்த பிறகுதான் அந்த எலி ஒரு மொசைக் என்பது உறுதியானது: கரு பிளவுபடத் தொடங்கிய பின்னரும் கேஸ்9 வெட்டிக்கொண்டிருந்தால், உயிரணுவுக்கு உயிரணு திருத்தம் வேறுபடும். இது இம்முறையில் இயல்பே என்பதால் அதற்காக நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மற்றோர் எலியில் 6 எழுத்துகள் மட்டுமே நீங்கியிருந்தன. மூன்றின் மடங்காக நீங்கினால், உயிரணு மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் மாறாது. இரண்டு அமினோ அமிலங்கள் குறைந்த புரதம் தன் வேலையைத் தொடர்ந்து செய்யக்கூடும். அதையும் ‘செயலிழந்தது’ என்று அறிக்கையில் எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை.

புகார் செய்ததும் அவர்கள் வாதாடாமல், இயல்பான எலிகளுடன் கலப்பு செய்து வரிசை சரிபார்த்த அடுத்த தலைமுறைக் குட்டிகளை அனுப்பினார்கள். கருக்காலம் ஏறத்தாழ 20 நாள்தான் என்றாலும், குட்டிகள் இனப்பெருக்க வயதை எட்டும் வரை காத்திருந்ததில் எங்களுக்கு மூன்று மாதம் போயிற்று.

எலிகளை வைக்கும் அறையின் வெப்பநிலை பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. 22 டிகிரியில் வளரும் எலிகளில் கட்டிகள் 30 டிகிரியில் வளர்வனவற்றைவிட வேகமாகப் பெருகுவதாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியுள்ளது. சனவரியில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும் ஊரில் இதைப் புறக்கணிக்க இயலாது. ஹீட்டர் ஓரிரவு நின்றாலும் எங்கள் அளவீடுகள் மீது ஐயம் வந்துவிடும்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். இச்சேவையை நாடுவோர் முதல் தலைமுறை எலிகளை வாங்காமல், வரிசைத் தரவுடன் கூடிய இரண்டாம் தலைமுறையையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும்.