பாடாதவர்களுக்கும் ஒரு தம்புரா பெட்டி: எட்டு மாத அனுபவம்

சுருதிப்பெட்டி என்றாலே பாட்டு கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்குப் பாட்டு தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனாலும் எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு எலக்ட்ரானிக் தம்புரா இருக்கிறது. தினமும் ராத்திரி இருபது நிமிஷம் அதன் முன்னால் உட்கார்ந்து கேட்கிறேன், அவ்வளவுதான். மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதே என்று தவிக்கிறவர்களுக்கு இதை முழு மனதோடு சொல்வேன். குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள் ஆபீஸ் போகிற பஸ்ஸில்தான் கவனித்தேன், நாற்பது நிமிஷத்தில் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்கவில்லை, பல்லவி முடிவதற்குள் கை தானாக அடுத்த பாட்டுக்குத் தள்ளுகிறது. எந்நேரமும் காதில் இயர்போன் இருந்தது, ஆனால் காதில் எதுவும் ஏறவில்லை. ராத்திரி படுத்தால் தலைக்குள் சந்தைக்கடை. ஒரு தியான ஆப்புக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன், அதில் ஒரு குரல் மூச்சைக் கவனி, தோளைத் தளர்த்து என்று பேசிக்கொண்டே இருந்தது, அந்தக் குரல் எப்போது நிற்கும் என்று காத்திருந்ததுதான் மிச்சம். பிடித்த பழைய பாட்டுகளைக் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். அது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு ஆரம்பித்ததுமே அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கல்யாண வீடு, காலேஜ் பஸ், அப்பாவின் ஸ்கூட்டர் எல்லாம் வந்துவிடும். பாட்டு ஒரு பக்கம் ஓட, நான் ஞாபகத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மேல் வீட்டு மாமி பாட்டு டீச்சர். காலையில் ஐந்தரைக்கு அவர் வீட்டுத் தம்புரா சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி வரும். ஒரு நாள் தண்ணீர் மோட்டார் போடப் போனவள், படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மோட்டாரையும் மறந்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் மயிலாப்பூரில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் "பாடறீங்களாம்மா?" என்றார். "இல்லைங்க, கேட்கத்தான்" என்றேன். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன், அவர் சாதாரணமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அப்ப உட்காருங்க, அவசரப்படாம கேட்டுப் பாருங்க" என்று நான்கு பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பிராண்டு பெயரை எழுதவில்லை. என் ஒரு பெட்டியின் கோளாறு அந்தக் கம்பெனிக்கே கெட்ட பெயராக வேண்டாம்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு நல்ல கதை உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ராஜ் நாராயண் என்ற புல்லாங்குழல் கலைஞர், தொழிலால் பொறியாளர், 1979 வாக்கிலேயே எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கிவிட்டார். இன்றைக்குக் கச்சேரி மேடையிலும் பாட்டு வகுப்பிலும் பெட்டி இல்லாத இடம் குறைவு.

உள்ளே என்ன கேட்கிறது? நான்கு தந்தியின் ஒலி. முதலில் பஞ்சமம், அப்புறம் சாரணி, அனுசாரணி என்று இரண்டு ஷட்ஜம், கடைசியில் மந்தரம். ப, ஸ, ஸ, கீழ் ஸ, திரும்பவும் ப. இதில் மெட்டு இல்லை, வார்த்தை இல்லை, சரணம் எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. முதல் வாரம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. மூன்றாவது நிமிஷமே போனைத் தேடும் கை. போனை அடுத்த அறையில் வைக்க ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தது.

என் பெட்டியில் பஞ்சமத்துக்கு மட்டும் தனியாக ஒரு திருகு இருக்கிறது. கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பயிற்சி இது: அதைத் துளி கலைத்துவிட வேண்டும். கலைந்ததும் ஒலிக்குள் ஒரு நடுக்கம் வரும், வவ்-வவ்-வவ் என்று அலை அலையாக. இப்போது மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் அலை நீளும், வவ்வ்... வவ்வ்வ்..., இன்னும் ஒரு மயிரிழை, சட்டென்று நின்றுவிடும். பஞ்சமமும் ஷட்ஜமும் அதிர்வெண்ணில் 3:2 கணக்கில் சரியாக உட்காரும்போது அந்த நடுக்கத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்த நொடியில் தோள் தானாகவே இறங்குவதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன், எந்தக் குரலும் தளர்த்தச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் காந்தாரத்தைத் தேடுவேன். நான்கு தந்தியில் எதிலும் காந்தாரம் கிடையாது, ஆனாலும் சுருதி சுத்தமாக இருந்தால் மந்தரத் தந்தியின் ஒலி தேயும்போது மேலே மெல்லிசாக ஒரு 'க' கேட்கும். ஒரு தந்தி அதிரும்போது அதன் சுரத்தோடு கூடவே மெல்லிசாக எழும் உயர்ந்த சுரங்கள்தான் மேல்சுரங்கள். மந்தர ஷட்ஜத்தையே முதலாவதாக எண்ணினால் ஐந்தாவது அது, சுயம்பு காந்தாரம் என்பார்கள். மாமி சொல்லித்தான் தெரியும். பதினோரு நாள் எனக்குக் கேட்கவே இல்லை. பன்னிரண்டாவது நாள் கேட்டது, அதன் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. நிஜத் தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரை தட்டையாக, லேசாக வளைந்து இருக்கும். அதற்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுவார்கள், ஜீவா என்று பெயர். இந்த மேல்சுரங்கள் இப்படிப் பொங்கி வருவதற்கு அந்த அமைப்புதான் காரணம். சி.வி.ராமன் 1921-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார், வழக்கமான தந்தி விதிப்படி எழக் கூடாத மேல்சுரங்களும் தம்புராவில் எழுகின்றன என்று.

சரி, குறைகள். முதல் குறை ஸ்பீக்கர். 1 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) வைத்தால் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ், உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் அது வரவே வராது. மேல்சுரங்களை வைத்துக் காது தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. வெளி ஸ்பீக்கரில் இணைத்த அன்றுதான் எதை இழந்திருந்தேன் என்று புரிந்தது, அதனால் வெளி இணைப்பு உள்ள மாடலையே வாங்குங்கள். இரண்டாவது, பதிவு செய்த ஒலியைத் திருப்பித் திருப்பிப் போடும் பெட்டி என்பதால், இரண்டு மாதத்தில் காது அந்தச் சுற்றைப் பிடித்துவிடும். மீட்டுகிற விரலின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இதில் இல்லை. கட்டையையும் வேகத்தையும் மாற்றி வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், நான் வேகத்தை மிகக் குறைவில்தான் வைக்கிறேன். மூன்றாவது, கூடவே வந்த அடாப்டர் ஐந்தாம் மாதத்தில் உறும ஆரம்பித்தது. அமைதியாக உட்கார்ந்து கேட்கிறவளுக்கு அந்த உறுமல் பெரிய தொந்தரவு. வேறு அடாப்டர் மாற்றியதும் போய்விட்டது.

போனில் இலவசத் தம்புரா ஆப்கள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒலி நன்றாகவே இருக்கிறது, ஆனால் நடுவில் மெசேஜ் வரும். நான் தப்பி வர நினைத்ததே அந்தப் போனிடமிருந்துதான். பெட்டியில் பார்ப்பதற்குத் திரை இல்லை, செய்வதற்கு வேறு வேலை இல்லை. ஆறாயிரத்துக்கு மேல் கொடுத்தது அதற்காகவே தகும்.

பலன் என்று கேட்டால், படுத்ததும் தூக்கம் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது, பாட்டுகளை முழுசாகக் கேட்கிறேன், ஆபீஸில் ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறேன். இது என் அனுபவம் மட்டும். மாதக்கணக்கில் தூக்கமே இல்லை, மனசு ரொம்பக் கனத்துக் கிடக்கிறது என்றால் பெட்டி வாங்கப் போகாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

போன மாதம் மாமியிடம் சுற்று காதில் விழுவதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்போ உனக்குக் காது திறந்துடுத்துடி, ஞாயித்துக்கிழமை மேலே வா" என்றார். போனேன். பெரிய தம்புராவை மடியில் சாய்த்து, நடுவிரலால் பஞ்சமம், ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றும் என்று காட்டிக் கொடுத்தார். குடம் தொடையில் அதிர்ந்தது. ஜீவா நூலை அவர் ஒரு நெல் அளவு நகர்த்தினார், அறையே மாறியது. இப்போது ஞாயிறு காலை அவருடைய மாணவிகள் பாடும்போது பின்னால் உட்கார்ந்து மீட்டுவது நான்தான். மற்ற ஆறு நாளும் பெட்டி.