மெலோடிகாவா, ரெக்கார்டரா? ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது

மே மாதக் கடைசி ஆனால் போதும், வேறு பள்ளிகளில் பாட்டு டீச்சராக இருக்கும் தோழிகள் யாராவது போன் செய்து இதைக் கேட்டுவிடுகிறார்கள். "ஆறு, ஏழு, எட்டுக்கு பேண்டு மாதிரி ஏதாவது ஆரம்பிக்கணும்னு எச்.எம். சொல்றார். என்ன வாங்கச் சொல்லட்டும்?" ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் முதல் இரண்டு வருடம் மெலோடிகா, அதாவது வாயால் ஊதிக்கொண்டே கட்டையை அழுத்தி வாசிக்கும் சின்னக் கீபோர்டு, வைத்து வகுப்பு எடுத்தேன். இப்போது மூன்றாவது வருடமாக ரெக்கார்டர், நேராகப் பிடித்து ஊதும் பிளாஸ்டிக் குழல். என் சாய்வு ரெக்கார்டர் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் மற்றவற்றைப் பார்த்துவிடுவோம். பேண்டு என்றால் நம் ஊரில் சைடு டிரம், பாஸ் டிரம், பியூகிள் என்ற ஊதுகொம்பு. மார்ச் பாஸ்ட்டுக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது, ஏற்கெனவே வைத்திருக்கும் பள்ளி அதை விடவும் கூடாது. ஆனால் பியூகிளில் ஸ்வரம் மாற்ற அழுத்தும் வால்வு இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் வழக்கமாக எடுக்கிற ஒலிகள் ஐந்துதான், அவையும் ஸ, க, ப என்ற மூன்று ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். ரி இல்லை, ம இல்லை. ஆரம்பப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியைக்கூட வாசிக்க முடியாத கருவியை வைத்து இசை சொல்லிக் கொடுக்க முடியாது. வால்வு வைத்த டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் மீரட்டில் ஜலி கோட்டிப் பகுதியில் காலங்காலமாகச் செய்கிறார்கள். ஆனால் 40 பிள்ளைகளுக்கு வாங்க எந்தச் சாதாரணப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது.

கீபோர்டு வீட்டுக்கு நல்லது. வகுப்பில் இரண்டு பிளக் பாயின்ட், 40 பிள்ளைகள் என்றால் ஒருவர் வாசிக்க 39 பேர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். புல்லாங்குழல் என் மனதுக்கு நெருக்கமானது. ஆனால் அதில் சத்தம் வரவைக்கவே சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும், வாரத்துக்கு இரண்டு பீரியட் உள்ள இடத்தில் அதற்குள் பாதிப் பேருக்கு ஆசை விட்டுப்போகும்.

ஆக, உண்மையான போட்டி மெலோடிகாவுக்கும் ரெக்கார்டருக்கும்தான்.

மெலோடிகாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 24 மெலோடிகா வாங்கிக் கொடுத்தார்கள், எல்லாமே 32 கட்டை வைத்தவை. பெட்டியைப் பிரித்த அன்றே ஆறாம் வகுப்பில் ஸரிகமபதநிஸ கேட்டுவிட்டது. ஊதினால் போதும், கட்டையை அழுத்தினால் ஸ்வரம் தானாக வந்துவிடும். தப்பு விரல் வைத்தாலும் வருவது வேறொரு ஸ்வரமாக இருக்குமே தவிர அபஸ்வரமாக இருக்காது. எந்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ரி-க இடைவெளி எவ்வளவு, க-ம இடைவெளி எவ்வளவு என்று கரும்பலகையில் ஒரு பீரியட் முழுக்க நான் மல்லுக்கட்டுவதை, நடுவில் கறுப்புக் கட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். மூன்று பேர் மூன்று கட்டையை அழுத்தினால், ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு (chord) கிடைக்கும். பின்னால் கீபோர்டுக்குப் போகிற பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. சத்தமும் கணீரென்று மைதானம் வரை போகும். முதல் ஆண்டு விழாவில் எங்களுக்குக் கிடைத்த கைதட்டலை நான் இன்றும் மறக்கவில்லை.

பிரச்சினை அடுத்த ஜூனில் வந்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஏப்ரல் முடிவில் பூட்டிய அலமாரியை ஜூனில் திறந்தோம். ஊதிப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து, "மிஸ், என்னோடதுல 'க' ஊமையாயிடுச்சு" என்றாள். அடுத்தவனுக்கு 'ப' கட்டையை விட்ட பிறகும் ஒலித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் இரண்டு ஸ்வரம் லேசாக இறங்கியிருந்தது. தனியாகக் கேட்டால் தெரியாது, நான்கு பேர் சேர்ந்து வாசித்தால் பல் கூசும். 24-இல் 9 இப்படி.

ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஹார்மோனியத்தில் இருப்பது போலவே வரிசையாகப் பித்தளை ரீடுகள், காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய தகடுகள், கட்டைக்கு ஒன்று. பிள்ளைகள் ஊதும்போது மூச்சோடு எச்சிலும் ஈரமும் உள்ளே போகிறது. கீழே ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டு பலமாக ஊதினால் தண்ணீர் வெளியே வரும். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அதைச் செய்யவேண்டும். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளை அதைச் செய்வதில்லை. நான் திறந்ததில் நாலைந்து ரீடுகளின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஒன்றின் அடியில் பிஸ்கட் துகள். கருவியை வாசித்துக்கொண்டே தின்றிருக்க மாட்டான், இடைவேளை முடிந்து வாயைக் கொப்பளிக்காமல் வந்து ஊதியிருக்கிறான். மெல்லிய காகிதத் துண்டை ரீடுக்கு அடியில் நுழைத்து மெதுவாக இழுத்ததும் துகள் வந்தது, 'க' பேசியது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த ஒரு ஸ்வரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஸ்ருதி இறங்கிய ரீடுக்கு இது உதவாது. நுனியில் இம்மி சுரண்டினால் ஸ்ருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். கை தவறினால் அந்த ரீடு அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஹார்மோனியம் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பொறுமையாக ஐந்தைச் சரிசெய்து கொடுத்தார். "அம்மா, ஹார்மோனிய ரீடு மேல யாரும் எச்சில் துப்புறதில்லை, இது வருஷா வருஷம் வரும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 24 கருவி, 32 கட்டை. 768 ரீடுகள். ஒரு பள்ளிக்கூடத்தில், ரிப்பேர் என்று தனியாகப் பணம் ஒதுக்காத ஒரு துறையில், 768 பித்தளை ரீடுகளை ஆண்டுதோறும் யார் பார்ப்பது?

சுத்தம் இன்னொரு தலைவலி. ஊதுகுழாயையும் ரப்பர் ட்யூபையும் கழற்றிக் கழுவலாம், தனித்தனியாக வாங்கியும் கொடுக்கலாம். உள்ளே தண்ணீர் விட முடியாது. ஆறாம் வகுப்பு ஊதிய அதே பெட்டியை அடுத்த பீரியடில் ஏழாம் வகுப்பு ஊதும். சளி, காய்ச்சல் சீசனில் எனக்கு மனசே ஒப்பவில்லை.

ரெக்கார்டரில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் குழாய், மூன்று துண்டு, முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. துருப்பிடிக்க எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவி, துணியில் துடைத்து, வெயில் படாமல் காயவைத்தால் முடிந்தது. எச்சில் அடைத்துச் சத்தம் மங்கினால், மேலே இருக்கும் ஜன்னல் போன்ற திறப்பை விரலால் மூடிக்கொண்டு ஒரு ஊது ஊதச் சொல்வேன், சரியாகிவிடும். அடிக்கடி அடைத்தால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊதும் வழியில் ஓடவிட்டு அப்படியே காயவிடுவேன். ஜன்னலின் கூர்மையான விளிம்பில் மட்டும் குச்சியோ ஊசியோ படக்கூடாது. மூன்று வருடத்தில் எனக்குப் பழுதானவை இரண்டு. ஒன்று மாடிப்படியில் மிதிபட்டது, மற்றது தம்பி கையில் போனது. இன்னும் பத்து வருடம் தாங்குமா என்பதை நான் பார்த்தபிறகுதான் சொல்ல முடியும்.

ஸ்ருதி விஷயம் இன்னும் முக்கியம். வெயில் காலத்தில் குழல் சூடாகி ஸ்ருதி ஏறினால், தலைப்பகுதியை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் போதும், இறங்கிவிடும். இதை நான் செய்வதில்லை, பிள்ளைகளே செய்கிறார்கள். ஸ்ருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு நீண்ட ஸ ஊதச் சொன்னால், பக்கத்தில் இருப்பவளின் குழலைக் கேட்டு, தலையைத் திருகி இழுத்து, மறுபடி ஊதிப் பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் கற்றுக்கொடுக்கிற ஸ்ருதி ஞானத்தை நான் மெலோடிகா வகுப்பில் பார்க்கவில்லை. அங்கே கருவி சரியாக இருந்தால் காதுக்கு வேலையே இல்லை, கெட்டுப்போனால் பிள்ளையால் செய்ய ஒன்றும் இல்லை.

விலையும் இதே பக்கம்தான் சாய்கிறது. எங்களுக்கு ரெக்கார்டர் ஒன்று 500 ரூபாயை ஒட்டி வந்தது. பாதியைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்டது. பிராண்டு இல்லாத மெலோடிகாவே 2,000 ரூபாயைத் தாண்டியது. அதனால் ரெக்கார்டரை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க முடிந்தது. பெயர் எழுதி, தைத்த துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். பரீட்சை நேரத்தில் பாட்டு பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டாலும் வீட்டில் பழக்கம் விடுவதில்லை.

சரி, ரெக்கார்டரின் குறைகளுக்கு வருவோம். முதல் மாதம் கஷ்டம்தான். துளை முழுசாக மூடாவிட்டால் கீச்சென்று கத்தும், 38 பேர் சேர்ந்து கத்தினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும். நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து மரத்தடிக்கு வகுப்பை மாற்றிக்கொண்டேன். பலமாக ஊதக்கூடாது என்பதைப் பையன்களுக்குப் புரியவைக்க, உள்ளங்கையைக் கண்ணாடியாக நினைத்து ஆவி படிய ஊதச் சொல்வேன். நாக்கால் 'து' என்று தொட்டு ஆரம்பிக்கச் சொன்னால் பாதிக் கீச்சு போய்விடும். எல்லாத் துளையையும் மூடி எடுக்கும், மேற்கத்திய முறையில் கீழ் 'சி' என்கிற ஸ்வரத்துக்கு ஆறாம் வகுப்பின் சின்ன விரல்கள் பலருக்கு எட்டாது. அதை இரண்டாம் டேர்ம் வரை நான் தொடுவதே இல்லை.

அதற்கு வழி, ஸ-வை 'சி'யில் வைக்காமல் 'ஜி'யில் வைப்பது. நம் ஸ்ருதிக் கணக்கில் 5 கட்டை. இடது கை மட்டும் வைத்தால் ஸ ரி க மூன்றும் வந்துவிடும். 5 கட்டை பிள்ளைகளின் குரலுக்கும் வசதியான இடம் என்பதால் பாதி வகுப்பு பாட, பாதி வகுப்பு வாசிக்கலாம். குழல் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், உறுத்தாது. ஸ ரி க ப த மட்டும் வரும் மோகன ராகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியைச் சொல்ல முடியாது. ஸ ரி க-வுக்கு மேல் ப-வுக்கு ஒரே ஒரு விரல், த-வுக்கு முன்னால் ஐந்து துளையை மூடி, கட்டைவிரல் துளையைப் பாதி திறக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலானபோது, மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடி என்று அரசாணையிலேயே சொல்லிவிட்டார்கள். ஏழாம் வகுப்புக்கு நான் வைத்திருக்கும் இலக்கு அதுதான். தினமும் காலை வழிபாட்டில் பாடுகிற பாட்டைத் தன் விரலால் வாசிக்கும் நாளில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, ரெக்கார்டரில் விரலை மெதுவாக வழுக்கி எடுத்தால் கொஞ்சம் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வரும். புல்லாங்குழல் அளவுக்கு வராது, மெலோடிகாவை விட நிறையவே வரும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ரெக்கார்டரில் ஜெர்மன், பரோக் என்று இரண்டு விரல்முறை உண்டு. முதல் தடவை கடைக்காரர் இரண்டையும் கலந்து அனுப்பிவிட்டார், நானும் பார்க்கவில்லை. ஒரே விரலை வைத்து வகுப்பில் பாதிக்கு ஒரு ஸ்வரம், பாதிக்கு வேறு ஸ்வரம். இரண்டு வாரம் பிள்ளைகளைத் திட்டிவிட்டு, அப்புறம்தான் குழலைத் திருப்பிப் பார்த்தேன். பல குழல்களின் பின்பக்கம் ஜெர்மனுக்கு 'ஜி', பரோக்குக்கு 'பி' என்று பொறித்திருக்கும். ஜெர்மன் முறையில் 'எஃப்' சுலபம், ஆனால் அதற்கு அரைப்படி மேலே உள்ள 'எஃப் ஷார்ப்' முரண்டு பிடிக்கும். ஸ-வை 'ஜி'யில் வைத்தால் சங்கராபரணம், கல்யாணி ராகங்களுக்கு வேண்டிய நி அந்த 'எஃப் ஷார்ப்'தான். அதனால் பரோக் மட்டும் வாங்குங்கள், எல்லாம் ஒரே மாடலாக.

மைதானத்தில் ரெக்கார்டர் எடுபடாது, இதையும் சொல்லியாக வேண்டும். சுதந்திர தினத்தன்று சைடு டிரம்மோடு சேர்த்து வாசித்தோம், நாலாவது வரிசைக்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது இரண்டு மைக் வைத்து, டிரம்மைப் பாட்டு முடிந்தபிறகு தொடங்கச் சொல்கிறேன். திறந்த வெளி நிகழ்ச்சிகள்தான் உங்கள் பள்ளிக்கு முக்கியம் என்றால் மெலோடிகா பக்கம் நியாயம் உண்டு. 15 பேர் கொண்ட சின்னக் குழு, ஆளுக்கொரு கருவி, தண்ணீர் வெளியேற்றாமல் யாரையும் அனுப்பாத ஒரு டீச்சர், கைக்கெட்டும் தூரத்தில் ஹார்மோனியம் ரிப்பேர்காரர், இத்தனையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கும் நான் மெலோடிகாவையே சொல்வேன். ஜப்பானியப் பள்ளிகளில் அந்த வயதில் அதைக் கொடுத்து, மூன்றாம் வகுப்பில்தான் ரெக்கார்டருக்கு மாறுகிறார்கள். விரல் வளரும் வரிசையைப் பார்த்தால் அது சரியென்றே படுகிறது.

எங்கள் 24 மெலோடிகாவில் இன்று 14 நன்றாக இருக்கின்றன. அவற்றை எட்டாம் வகுப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு மட்டும், ஒருவருக்கு ஒன்று என்று வருடம் முழுக்கக் கொடுத்துவிட்டேன். ரெக்கார்டர்கள் ஸ்வரம் வாசிக்க, இவர்கள் அடியில் ஸ-ப பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பொத்தானை அழுத்தி, ஊதி, தண்ணீரை உதறி, துணியில் துடைத்துக் காட்டியபிறகுதான் பெட்டியை மூட விடுகிறேன்.