காத்தான்குடில சுத்தி எடுத்த பவர் சப்ளை பெட்டி: ஆறு மாசம் பாவிச்சாப் பிறகு

முதல்லயே சொல்லிடுறன், இது கம்பனி சாமான் இல்ல. காத்தான்குடில ஒரு ஒழுங்கைக்குள்ள மோட்டார் வைண்டிங் செய்யிற சின்னக் கடை, பெயர்ப் பலகையும் பாதி அழிஞ்சு போய்க் கிடக்கு, அங்க சொல்லிச் செய்விச்ச லீனியர் பவர் சப்ளை, அதாவது போன் சார்ஜர் மாதிரி கரண்ட வேகமா வெட்டி வெட்டி விடாம, ட்ரான்ஸ்போமரால வோல்ட்ட இறக்கித் தாற பெட்டி. தகரப் பெட்டி, தனித்தனி ரெண்டு வைண்டிங் (செப்புக் கம்பிச் சுத்து) உள்ள ட்ரான்ஸ்போமர், ரெண்டு 5 வோல்ட் லைன், எல்லாம் சேத்து 7,500 ரூபா எடுத்தார். "போன் சார்ஜர் ஒண்டு கொளுவினாலும் 5 வோல்ட்தானே வருது, விசராடா உனக்கு" எண்டு மச்சான் கேட்டான். அவன்ட தராசுக்குத்தான் இவ்வளவும்.

மச்சானுக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைப் பக்கம் சின்ன அரிசி ஸ்டோர் ஒண்டு இருக்கு. 5 கிலோ பக்கட் போடுறதுக்கு தராசு ஒண்டு செஞ்சு தா, நிறை எல்லாம் தானா போன்ல பதியோணும் எண்டான். 20 கிலோ லோட் செல் (பாரத்தைச் சின்ன வோல்ட்டேஜா மாத்துறது), அந்த வோல்ட்டேஜ அளந்து எண்ணாக்கிற எச்எக்ஸ்711 போட், இஎஸ்பி8266 வைஃபை போட், சாமான் எல்லாம் சேத்தும் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. வீட்ட வச்சுப் பாக்கக்க அருமையா வேலை செஞ்சுது, ஸ்டோர்ல கொண்டு போய் போன் சார்ஜர்ல கொளுவின உடன பேய் பிடிச்ச மாதிரி, ஒண்டும் வைக்காம இருக்கக்கயே 8 கிராம் 12 கிராம் எண்டு ஏறி இறங்குது, தட்டுக்குக் கீழ இருக்கிற அலுமினியத்தில கை பட்டா இன்னும் பாயுது. நான் லோட் செல் பழுது எண்டு நினைச்சு இன்னொண்டு வாங்கிப் போட்டன், பிறகு எச்எக்ஸ்711ஐயும் மாத்தினன், காசு போனதுதான் மிச்சம்.

கடைசில ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரம் சும்மா மூண்டு பென்டோர்ச் பற்றரி போட்டு 4.5 வோல்ட்ல ஓட்டிப் பாத்தன். வைஃபையையும் நிப்பாட்டிப் போட்டு. ஒரு கிராமுக்குள்ள அப்பிடியே நிண்டுது! அப்பதான் விளங்கிச்சு, லோட் செல்லும் நல்லம் போட்டும் நல்லம், பிழை கரண்ட் வாற வழியில. தராசு, பிஎச் மீற்றர், டெம்பரேச்சர் எது செஞ்சு வாசிப்பு ஆடினாலும் முதல்ல பற்றரில போட்டுப் பாருங்க, நான் மூண்டு கிழமைக்குப் பிறகு செஞ்சத நீங்க முதல் நாளே செய்யலாம்.

தராசு ஏன் இவ்வளவு சின்னதுக்கும் ஆடுது எண்டு கேட்டா கணக்கப் பாருங்க. என்ட லோட் செல் ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தாறது, 5 வோல்ட் குடுத்தா முழு 20 கிலோக்கும் சேத்து வாறது வெறும் 10 மில்லிவோல்ட். அப்ப ஒரு கிராமுக்கு அரை மைக்ரோவோல்ட். போன் சார்ஜர்ல இருந்து வாற குப்பை அதவிட ஆயிரக்கணக்கு மடங்கு பெரிசு. எச்எக்ஸ்711ல ஒரு நல்ல விசயம், லோட் செல்லுக்குக் குடுக்கிற வோல்ட்டேஜும் அது அளக்கிற அளவுகோலும் ஒரே இடத்தில இருந்துதான் எடுக்கிறது, அதால சப்ளை மெதுவா ஏறி இறங்கினா ரெண்டும் சேந்து ஏறி இறங்கும், நிறை மாறாது. ஆனா வேகமா அடிக்கிற இரைச்சலுக்கு (வோல்ட்டேஜில வாற தேவையில்லாத ஆட்டத்துக்கு) இந்தப் பாதுகாப்பு சரிவராது. சார்ஜருக்குள்ள மெயின்ஸ் (சுவர்க் கரண்ட்) பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில ஒரு சின்ன கப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, அதுக்குள்ளால ஸ்விட்சிங் இரைச்சல் வந்து வயர் எல்லாத்தையும் சேத்து ஆட்டும், கையால தொட்டா உடம்பால நிலத்துக்குப் போக ஒரு வழி கிடைக்கும், அதுதான் அந்தப் பாய்ச்சல். எல்எம்2596 போட் போட்டு 12 வோல்ட்ட இறக்குவம் எண்டும் பாத்தன், அதுவும் 150 கிலோஹெர்ட்ஸ்ல ஸ்விட்ச் பண்ற சாமான்தான், பேய்க்குப் பயந்து பிசாசுட்டப் போன கதை.

அதுக்குப் பிறகுதான் காத்தான்குடி வைண்டிங் கடைக்குப் போனது, கடைக்காரர காக்கா (அண்ணன்) எண்டுதான் கூப்பிடுறது. வயசு அறுபதுக்குக் கிட்ட இருக்கும், மில் மோட்டார், தண்ணி பம்ப், பழைய ரேடியோ ட்ரான்ஸ்போமர் எல்லாம் சுத்தி வந்த கை. நான் இன்டர்நெட்ல வாசிச்சதெல்லாம் பேப்பர்ல எழுதிக்கொண்டு போய் நீட்டினன், பிரைமரிக்கும் (மெயின்ஸ் பக்கச் சுத்து) செகண்டரிக்கும் (குறைஞ்ச வோல்ட் பக்கச் சுத்து) இடையில செப்புத் தகடு ஒரு சுத்து போடோணும் காக்கா எண்டன். சிரிச்சுப் போட்டு, "போடலாம் மனே, ஆனா ரெண்டு நுனியும் முட்டப்படாது, முட்டினா அதுவே ஷோர்ட் ஆன ஒரு சுத்து, பத்து நிமிசத்தில புகைஞ்சிரும்" எண்டார். நான் வாசிச்ச இடத்தில அத எழுதி இருக்கல்ல. அந்தத் தகட்ட ஒரு வயரால எர்த்துக்குக் குடுத்திட்டா மெயின்ஸ்ல இருந்து ஏறி வாற இரைச்சல்ல கனக்க அதோட நிலத்துக்கு இறங்கிரும், அவர் நுனி ரெண்டுக்கும் நடுவுல கடதாசி வச்சு, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தி அழகா மடிச்சிருந்தார்.

பிழை நான் விட்டது வேற இடத்தில. செகண்டரி 6 வோல்ட் காணும் எண்டு நானே எழுதிக் குடுத்தன். "இது காணாது மனே, உங்கட பக்கம் பின்னேரத்தில கரண்ட் விழும்" எண்டு அவர் சொன்னார், நான் பெரிய படிச்ச ஆள் மாதிரி இல்ல காக்கா கணக்குப் பாத்துத்தான் எழுதினது எண்டு நிண்டன். 6 வோல்ட் ஏசி எண்டா உச்சம் 8.5, ஏசிய டிசி ஆக்கிற டயோட் ரெண்டுக்கும் 1.4 போனா 7.1 வோல்ட் கிட்ட. 7805 எண்ட ரெகுலேட்டர் சிப் ஒழுங்கா 5 வோல்ட் தாறதுக்கு அது தாற வோல்ட்டேஜுக்கு மேல சுமார் 2 வோல்ட் வேணும், ஆக 230 வோல்ட் நேரா வந்தாலும் உச்சத்தில மட்டும்தான் மயிரிழையில சரி. ஸ்டோருக்குப் பக்கத்து மில்லில மோட்டார் ஸ்டார்ட் பண்ணக்க லைன் 195க்கு இறங்கினத நான் மீற்றர் வச்சுப் பாத்தன், அந்த நேரம் 7.1 எண்டது 5.8 ஆகிரும். அப்ப ரெகுலேட்டர் ரெகுலேட்டரா இருக்காது, வாற அலைய அப்பிடியே மற்றப் பக்கம் விடும். தராசு ஆட, இஎஸ்பி தானா ரீசெட் ஆக, மச்சான் போன்ல ஏச...

திரும்பக் கொண்டு போனன். ஒரு வார்த்தை குத்திக் காட்டல்ல மனுசன், 9 வோல்ட்டா மாத்திச் சுத்தித் தந்தார், கம்பிக் காசு மட்டும்தான் எடுத்தார். இப்ப 195 வந்தாலும் 9.4 வோல்ட் கிட்ட நிக்கும். மெயின் கப்பாசிட்டரையும் 1000 மைக்ரோஃபாரட்ல இருந்து 4700க்கு ஏத்தினன், 0.2 அம்பியர் இழுக்கக்க 1000த்தில ரெண்டு வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும், 4700ல அரை வோல்ட்டும் வராது. 9 வோல்ட்டில சூடு கொஞ்சம் கூடத்தான், 6.3 வோல்ட்ட 0.2 அம்பியரால பெருக்கினா 1.3 வாட் சும்மா சூடாப் போகுது, சின்ன ஹீட் சிங் ஒண்டு காணும்.

ரெண்டு வைண்டிங் ஏன் எண்டா, ஒண்டு லோட் செல், எச்எக்ஸ்711க்கு, மற்றது வைஃபை போட்டுக்கு. வைஃபை அனுப்பக்க 300 மில்லிஅம்பியர் மாதிரி திடீர் திடீரெண்டு இழுக்கும். ரெண்டும் ஒரே கிரவுண்ட் வயரால திரும்பினா, அந்த வயர்ல 0.05 ஓம் இருந்தாலும் 15 மில்லிவோல்ட் விழும். லோட் செல்லுட முழு சிக்னலே 10 மில்லிவோல்ட் எண்டு மேல சொன்னன்தானே! ரெண்டு கிரவுண்டும் எச்எக்ஸ்711க்குப் பக்கத்தில ஒரே ஒரு இடத்தில மட்டும் சேருது, வேற எங்கயும் முட்டல்ல. இது பெட்டி செய்யிற வேலை இல்ல, நாமதான் வயர் பிடிக்கக்க கவனிக்கோணும். காக்கா என்னதான் சுத்தமா 5 வோல்ட் தந்தாலும் நான் ஒரு மீற்றர் மெல்லிசு வயர்ல இழுத்து, சிப்புட காலுக்குப் பக்கத்தில 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒண்டு போடாம விட்டா அந்த 7,500 ரூபாயும் வாவிக்குள்ள போட்ட மாதிரித்தான்.

எச்எக்ஸ்711ஐ செக்கனுக்கு 10 வாசிப்பில வையுங்க, அதில 50 ஹெர்ட்ஸ் இரைச்சல சிப்பே வடிச்சிரும், 80ல வச்சா அந்த வசதி இல்ல. அரிசி பக்கட்டுக்கு 10 தாராளம்.

எல்டி3042 மாதிரி இரைச்சல் குறைஞ்ச ரெகுலேட்டர் போட்டா நல்லமா எண்டு ஒருத்தர் கேட்டவர். 7805ட இரைச்சல் சுமார் 40 மைக்ரோவோல்ட், எல்டி3042ட 0.8, வித்தியாசம் பெரிசுதான். ஆனா என்ட தராசில இவ்வளவு சின்ன ஆட்டத்துக்கு அளவுகோலும் சேந்து ஆடுறதால அந்தக் காசு வீண். பிஎச் மீற்றர் செய்யிற ஆள் எண்டா, ஒரு பிஎச்சுக்கு 25 பாகையில 59 மில்லிவோல்ட் வருது, அதுக்கும் இந்தளவு அமைதி தேவைப்படாது, அங்க வேணும் எண்டா நல்ல ரெஃபரன்ஸ் சிப் (அளவுகோலா ஆடாம நிக்கிற வோல்ட்டேஜ் தாறது) ஒண்டும் ஈரம் படாத கனெக்டர் ஒண்டும்தான் முதல்ல.

இனி குறைகள். மூண்டு நாள் எண்டு சொல்லி பன்ரெண்டு நாள் ஆக்கினார், போன் எடுத்தா "நாளைக்கு வா மனே", வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டினா பிறகு திறப்பாரா இல்லையா எண்டு ஆருக்கும் தெரியா. முதல்ல போட்ட கப்பாசிட்டர் எங்கயோ பழைய போட்ல கழட்டினது, ஒண்டு தலை ஊதி இருந்துது, நான் புதுசு வாங்கிக் குடுத்து மாத்துவிச்சன். எல்லாத்தையும் விட, மெயின்ஸ் பக்கம் ஃபியூஸ் போடல்ல! கேட்டா "சின்ன பெட்டிதானே" எண்டார். நான் ஃபியூஸ் ஹோல்டர் வாங்கிக் கொண்டு போய் அங்கயே நிண்டு போடுவிச்சன், தகரப் பெட்டிக்கு எர்த்தும் அடிக்கச் சொன்னன். நீங்க போனாலும் இந்த ரெண்டும் முதல்லயே சொல்லிடுங்க, ராவில பூட்டிக் கிடக்கிற ஸ்டோருக்குள்ள இருக்கிற சாமான் இது.

பெட்டி பாரம், லேசா உறுமும், தராசுக்குக் கிட்ட வச்சா ட்ரான்ஸ்போமர்ட காந்தம் லோட் செல் வயருக்குள்ள ஏறும், நான் ரெண்டடி தள்ளிச் சுவர்ல அடிச்சிருக்கன். லோட் செல் வயர நாலையும் முறுக்கி விட்டிருக்கன்.

ஆறு மாசத்தில மில் ஓடக்கயும் ஒரு கிராம், மிஞ்சினா ரெண்டு கிராமுக்கு மேல ஆடல்ல. கையால தொட்டாலும் பேசாம நிக்குது. மச்சான் இப்ப பக்கத்து ஸ்டோர்காரருக்கும் இதே மாதிரி ஒண்டு வேணுமாம் எண்டு சொல்லி என்ட காதத் திண்டு கொண்டிருக்கான். ஐஞ்சுக்கு நாலு குடுப்பன், ஒண்டக் குறைச்சது ஃபியூசுக்காக. ஐப்பசி மழைக்கு முதல் மின்னல் பாதுகாப்புக்கு வரிஸ்டர் ஒண்டு போடக் குடுத்திருக்கன், அது இன்னும் "நாளைக்கு"தான், அதுவரைக்கும் இடி முழங்கினா மச்சான் ஓடிப் போய் ப்ளக்கக் கழட்டுறான்.