ட்ரினோவா, ஸ்பார்க் எஸ்க்யூஎல்லா: எந்த வேலைக்கு எது?

டேட்டா லேக்கில் (தரவுக் கோப்புகளைக் குவித்து வைக்கும் பெரிய சேமிப்பு) டெராபைட் கணக்கில் குவிந்திருக்கும் பார்க்கே கோப்புகளை (தரவை நெடுவரிசை வாரியாகச் சேமிக்கும் வடிவம்) எஸ்க்யூஎல் எழுதி அலச வேண்டுமென்றால், திறந்த மூலத்தில் முதலில் அடிபடுபவை ட்ரினோ, ஸ்பார்க் எஸ்க்யூஎல் என்ற இரண்டு பெயர்கள்தான். எது வேகம் என்று பார்ப்பதற்கு முன், பாதி வழியில் ஒரு மெஷின் விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தேர்வு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

ட்ரினோவில் ஸ்கேன் (படித்தல்), ஜாயின் (டேபிள்களை இணைத்தல்), அக்ரிகேஷன் (தொகுத்தல்) எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். இடைநிலைத் தரவு டிஸ்கைத் தொடாமல் நெட்வொர்க் வழியே அடுத்த வொர்க்கருக்கு (வேலையைப் பகிர்ந்து செய்யும் மெஷின்) பாயும். டாஷ்போர்டு முன் ஆள் காத்திருக்கும் குவெரிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் இயல்பான அமைப்பில் ஒரு வொர்க்கர் போனால் குவெரி முழுவதும் தோற்கும். ஸ்பார்க்கோ ஷஃபிள் தரவை (மெஷின்களுக்கிடையே மறுபடி பிரித்துக் கொடுக்கும் தரவு) டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஸ்டேஜுக்குப் போகும். தொலைந்த பகுதியை மட்டும் மறுபடி கணக்கிடும். மணிக்கணக்கில் ஓடும் ஈடிஎல்லுக்கு (தரவை எடுத்து, மாற்றி, ஏற்றும் வேலை), அதுவும் எப்போது பறிபோகும் என்று தெரியாத ஸ்பாட் மெஷின்களில், ஸ்பார்க்தான் சரி. 2022 முதல் ட்ரினோவிலும் டாஸ்க் (குவெரியின் ஒரு துண்டு வேலை) அளவில் மறுமுயற்சி உண்டு. அதற்கு எஸ்3 போன்ற சேமிப்பில் எக்ஸ்சேஞ்ச் மேனேஜர் (இடைநிலைத் தரவைச் சேமித்து வைக்கும் பகுதி) அமைக்க வேண்டும். சின்ன குவெரிகள் மெதுவாகும். ஆகவே அதற்குத் தனி கிளஸ்டர் (மெஷின்களின் தொகுப்பு) வைப்பதே நல்லது.

ட்ரினோவில் அதிகம் இடிக்கும் இடம் நினைவகம். ஜேவிஎம் ஹீப்புக்கு (ட்ரினோ ஓடும் ஜாவா சூழலின் நினைவகம்) மெஷின் ரேமில் 70 முதல் 85 சதவீதம் கொடுக்கலாம். ஒரு குவெரிக்கு இயல்பு வரம்பு ஒரு நோடில் (மெஷினில்) ஹீப்பில் 30 சதவீதம், கிளஸ்டர் முழுக்க 20 ஜிபி. இந்த 20 ஜிபியை மாற்றாமல் மெஷின்களை மட்டும் கூட்டினால் அதே நினைவக வரம்புப் பிழைதான் திரும்ப வரும். வரம்பை உயர்த்துமுன் ஜாயினைப் பாருங்கள். புள்ளிவிவரம் இல்லாத டேபிள்களில் ஆப்டிமைசர் (குவெரியை ஓட்டும் வழியைத் தீர்மானிக்கும் பகுதி) நீங்கள் எழுதிய வரிசையையே பின்பற்றும். வலப்பக்க டேபிள் ஹாஷ் டேபிளாக (வேகமாகத் தேடுவதற்கான அமைப்பாக) நினைவகத்தில் ஏறும். பெரிய டேபிள் வலப்பக்கம் நின்றால் வரம்பு எளிதில் உடையும். எக்ஸ்ப்ளெயினில் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) வரிகளின் மதிப்பீடு கேள்விக்குறியாக இருந்தால் முதலில் அனலைஸ் (புள்ளிவிவரம் சேகரிக்கும் கட்டளை) ஓட்டுங்கள்.

ஸ்பார்க்கில் இடிப்பது ஷஃபிள் பார்ட்டிஷன் (ஷஃபிள் தரவைப் பிரிக்கும் துண்டு). இயல்பு எண்ணிக்கை 200. ஒரு டெராபைட் ஷஃபிள் என்றால் ஒவ்வொன்றும் 5 ஜிபி. டிஸ்கில் வழிந்து வேலை இழுத்துக்கொண்டே போகும். ஒன்றுக்கு 128 எம்பி என்று வைத்து 8000 அளவில் கொடுங்கள். ஸ்பார்க் 3.2 முதல் ஏக்யூஈ (ஓடும்போதே திட்டத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இயல்பாகவே ஓடுவதால், தேவைக்கு மேல் சிறியவற்றை அதுவே சேர்த்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் (ஒரு தரவுத்தளம்) டேபிளையும் லேக் டேபிளையும் ஒரே குவெரியில் இணைக்க ட்ரினோ வசதியானது. ஆனால் போஸ்ட்கிரெஸ் டேபிளை அது ஒரே இணைப்பில்தான் படிக்கும். கோடிக்கணக்கான வரிகள் என்றால் எத்தனை வொர்க்கர் இருந்தும் பயனில்லை. முதலில் லேக்குக்கு நகலெடுங்கள்.

ப்ரெஸ்டோ என்ற பெயரும் அடிபடுமே? 2012இல் ஃபேஸ்புக்கில் பிறந்த அதிலிருந்து பிரிந்த கிளைதான் 2020 டிசம்பரில் ட்ரினோ என்று பெயர் மாறியது. மூல ப்ரெஸ்டோ வெலாக்ஸ் என்ற சி++ நூலகத்தில் அமைந்த வொர்க்கர் பக்கம் போகிறது. பழைய ப்ரெஸ்டோ கையேட்டின் அமைப்புகளை ட்ரினோவில் அப்படியே ஒட்டாதீர்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பிழையே காட்டாமல் விடை மாறும் இடங்கள்தான் ஆபத்து. 5/2 ட்ரினோவில் 2, ஸ்பார்க்கில் 2.5. அரேயின் முதல் உறுப்பின் எண் ட்ரினோவில் 1, ஸ்பார்க்கில் சதுர அடைப்பில் 0. இரட்டை மேற்கோளுக்குள் எழுதியது ட்ரினோவில் நெடுவரிசையின் (column) பெயர். ஸ்பார்க்கில் இயல்பாக வெறும் சரம், எனவே வரிகளை வடிகட்டும் WHERE நிபந்தனை எந்த வரியையும் பார்க்காமலே பெரும்பாலும் பொய்யாகிவிடும்.